வலியின் வேரைத் தேடிய மருத்துவர்

உங்கள் மணிக்கட்டில், கட்டைவிரல் ஓரமாக, மறு கையின் இரண்டு விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். டக், டக் என்று துடிக்கிறதா? அதுதான் நாடி. தொடை இடுக்கிலும் இப்படி ஒரு நாடி உண்டு. அது துடிக்கவில்லை என்றால் என்ன பொருள்? இதை ஆராய்ந்தவர்தான் ரெனே லெரிஷ்.

இவர் 1879 அக்டோபர் 12 அன்று பிரான்ஸ் நாட்டில் பிறந்தார். லியோன் நகரில் மருத்துவம் பயின்று, அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆனார். முதல் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். காயம் ஆறிய பிறகும் பலர் வலியால் துடித்தனர். வலியைச் சகித்துக்கொள்ளச் சொல்வது மருத்துவம் ஆகாது, அதையும் ஒரு நோயாகக் கருதிக் குணப்படுத்த வேண்டும் என்பது லெரிஷின் கொள்கை.

1924இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பேராசிரியர் ஆனார். கொஞ்ச தூரம் நடந்தாலே இரண்டு கால்களும் சோர்ந்து வலிக்கும் நோயாளிகளை அவர் கவனித்தார். அவர்களின் கால்கள் வெளிறியிருந்தன. புண் வந்தால் ஆறுவதில்லை. தொடை நாடியோ துடிக்கவே இல்லை!

காரணம் என்ன? இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, தொப்புள் அருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குச் செல்கிறது. அந்தப் பிரிவில் தமனியின் உட்சுவர் தடித்து, பால் தயிராவது போல இரத்தம் உறைந்து, வழியை அடைத்துவிடுகிறது. பெரிய குழாய் அடைத்தால் தெருக்குழாயில் தண்ணீர் வருமா? முற்றினால் காலையே இழக்க நேரிடும்.

அடைபட்ட பகுதியை நீக்கி வேறு குழாய் பொருத்துவதே சரியான சிகிச்சை என்று 1923இலேயே லெரிஷ் எழுதினார். ஆனால் அப்போது அதற்கு வழி இல்லை. ஒரு நோயாளிக்கு அடைபட்ட பகுதியை வெட்டி எடுத்த விவரத்தை 1940இல் வெளியிட்டார். மாற்றுக் குழாய் மட்டும் கனவாகவே இருந்தது.

1950 நவம்பரில் அந்தக் கனவு நனவானது. பாரிஸில் ஜாக் ஊதோ என்ற மருத்துவர், இறந்த ஒருவரின் தமனியை எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார். அதே ஆண்டு இமயமலையின் அன்னபூர்ணா சிகரத்தை எட்டிய பிரெஞ்சுக் குழுவின் மருத்துவரும் இவர்தான். லெரிஷிடம் பயின்ற அமெரிக்கரான மைக்கேல் டிபேக்கி, டெக்ரான் துணியை வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார். செயற்கைத் தமனி பிறந்தது!

இன்று ஸ்கேன் எடுத்தால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும். ஆனாலும் மருத்துவர்கள் முதலில் தொடை நாடியைத் தொட்டுத்தான் பார்க்கிறார்கள். இந்த அடைப்புக்குப் புகைபிடித்தல் ஒரு முக்கியக் காரணம் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

1955 டிசம்பர் 28 அன்று லெரிஷ் மறைந்தார். 1958இல் பிரான்ஸ் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. இந்த நோய்க்கு லெரிஷ் சிண்ட்ரோம் என்றே பெயர். தன்னால் முடியாததையும் மறைக்காமல் எழுதி வைத்தார் அவர். அதைப் படித்தவர்கள் செய்து முடித்தார்கள். உங்களுக்கும் நல்ல யோசனை தோன்றினால் உடனே நோட்டில் எழுதி வையுங்கள், செல்லங்களே!