உஸ்தாத் மன்சூர்: பறவைகளைப் பார்த்த ஓவியர்

அரசர்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நிலைபெறுகிறது. அவர்தம் அவையில் தூரிகை பிடித்தோரின் வரலாறோ, பெரும்பாலும் ஓவியத்தின் ஓரத்தில் எழுதப்பட்ட ஒரு பெயரோடு முடிந்துவிடுகிறது. அவ்வாறு முடியாமல், பேரரசரின் நாட்குறிப்பிலேயே புகழப்பெற்றவர் உஸ்தாத் மன்சூர்.

அக்பர் காலத்தில் பாபர் நாமாவுக்குப் படம் வரைந்தோருள் மன்சூரும் ஒருவர். 1605-இல் ஜஹாங்கீர் அரியணை ஏறிய பின்னரே அவர் திறம் முழுதும் மலர்ந்தது. 1612-இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து அரிய உயிரினங்கள் சிலவற்றைக் கொணர்ந்தார். கொள்ளுப்பாட்டனார் பாபர் விலங்குகளைச் சொல்லால் விவரித்தாரேயன்றி ஓவியரைக் கொண்டு வரைவிக்கவில்லை என எண்ணிய ஜஹாங்கீர், அவற்றை வரையப் பணித்தார். அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வான்கோழி இவ்வாறு மன்சூரின் தாளில் இடம்பெற்றது. 1621-இல் வரிக்குதிரை வந்தபொழுது, எவரோ அதன்மேல் வண்ணம் பூசியுள்ளனர் எனச் சிலர் ஐயுற்றனர். நன்கு ஆராய்ந்த பின்னரே அது இயற்கையின் கைவண்ணம் எனத் தெளிந்தனர். அதனையும் மன்சூரே தீட்டினார். 1620-இல் காஷ்மீரத்தின் வசந்தத்தில் அவர் வரைந்த மலர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. காலத்தின் அற்புதம் என்னும் பொருள்படும் 'நாதிர்-உல்-அஸ்ர்' என்ற பட்டம் அவரை அணி செய்தது.

இங்கு ஒரு முரண்பாட்டையும் நாம் மறைத்தல் ஆகாது. பன்னிரண்டாம் வயது முதல் ஐம்பதாம் வயது வரை தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்ட உயிர்கள் 28,532 எனவும், அவற்றுள் தம் கையால் வீழ்ந்தவை 17,167 எனவும் கணக்கு வைத்தவர் அதே ஜஹாங்கீர். கொன்ற கையும் காக்க விரும்பிய கண்ணும் ஒருவருடையனவே!

அவைச் சித்திரங்களில் அரசரின் காலடியில் சிங்கமும் ஆடும் அருகருகே கிடக்கும். அஃது அரசநீதியின் குறியீடு. நம் சங்கப் புலவரும் நாரையையும் அன்றிலையும் கருப்பொருளாக்கி, மாந்தர் உள்ளத்தை அவற்றின்வழி உணர்த்தினர். மன்சூரின் பறவையோ எவருக்கும் குறியீடன்று. சில புற்களின் நடுவே, தன் இறகும் தன் அலகுமாகத் தனக்காகவே நிற்கிறது. பிற உயிரை நம் பொருட்டன்றி, அதன் பொருட்டே நோக்குவதும் ஓர் அறமன்றோ?

அவர் வரைந்த சைபீரியக் கொக்கு இன்று கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் செல்வம். மேனாட்டு அறிஞர் அப்பறவையை நூலில் விவரித்தது 1773-இல். மன்சூர் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியவர். பரத்பூருக்கு ஆண்டுதோறும் வந்த அக்கொக்கு, 2002-க்குப் பின் அங்கு வரவில்லை. அவர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோவோ, அந்நூற்றாண்டு முடியுமுன்னரே உலகினின்று மறைந்தது.

செம்பூரை அடுத்த மாகுலிலும் சிவ்ரியிலும் உள்ள சேற்று நிலங்களுக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. நம்மைப் போலவே அவையும் இரை தேடி இந்நகருக்கு வந்தவை. தாராவி, மாதுங்கா, செம்பூர் வாழ் பெற்றோர் தம் மக்களை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டுவாராக. தாளும் வண்ணமும் தந்து வரையச் செய்வாராக. அப்பறவைகள் ஓவியத்தில் மட்டுமே எஞ்சும் நாள் வாராதிருக்கட்டும்!