குண்டுக்கு எவ்வளவு? கணக்குக் கேட்ட ஆல்வா மிர்டால்

மாதச் சம்பளம் வந்ததும் உங்கள் வீட்டில் அரிசி, பால், பள்ளிக் கட்டணம் என்று கணக்குப் போடுவார்கள் அல்லவா? அரசாங்கமும் அப்படித்தான். ஒன்றுக்கு அதிகம் செலவழித்தால் இன்னொன்றுக்குக் குறையும். அணுகுண்டுக்குச் செலவழித்தால் எதற்குக் குறையும் என்று உலக நாடுகளைக் கேட்டவர்தான் ஆல்வா மிர்டால்.

சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் 1902-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று ஆல்வா பிறந்தார். அவர் வளர்ந்த ஊரின் மேல்நிலைப் பள்ளியில் ஆண் பிள்ளைகள் மட்டுமே படிக்கலாம். அவர் மனம் தளரவில்லை. அலுவலகத்தில் வேலை பார்த்தார். விடாமல் படித்து 1924-இல் பட்டம் பெற்றார். 1936-இல் மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். ஏழைக் குழந்தைக்கும் நல்ல பராமரிப்பும் படிப்பும் கிடைக்க வேண்டும் என்று கணவர் குன்னாருடன் சேர்ந்து பாடுபட்டார். 1955 முதல் 1961 வரை நம் இந்தியாவில் சுவீடன் தூதராகவும் இருந்தார்.

1950-களில் சுவீடனிலும் அணுகுண்டு வேண்டும் என்று படைத்தளபதிகள் கேட்டார்கள். ஆராய்ச்சியும் நடந்தது. ஆனால் அதற்குப் பெரும் பணம் வேண்டும். குண்டு செய்தால் போர் விமானங்களுக்கும் மற்றப் பாதுகாப்புக்கும் பணம் போதாது. மக்களிடமும் எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் சுவீடன் அந்த எண்ணத்தைக் கைவிட்டது. 1968-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

1962 முதல் 1973 வரை, ஜெனீவாவில் நடந்த ஆயுதக் குறைப்பு மாநாட்டில் ஆல்வா சுவீடனுக்காகப் பேசினார். மற்ற நாடுகள் குண்டு செய்யக்கூடாது என்று சொல்லும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் தங்கள் குண்டுகளைக் குறைக்க வேண்டாமா என்று தயங்காமல் கேட்டார். ஸ்டாக்ஹோமில் 1966-இல் ஓர் அமைதி ஆய்வு நிறுவனம் அமைய அவரும் காரணமாக இருந்தார். எந்த நாடு ஆயுதங்களுக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று அந்த நிறுவனம் இன்றும் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது.

1982-இல் மெக்சிகோவின் அல்போன்சோ கார்சியா ரோப்லஸுடன் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1986 பிப்ரவரி 1 அன்று, 84-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், ஆல்வா மறைந்தார்.

அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகில் 9 நாடுகளிடம் 12,000-க்கும் மேற்பட்ட அணுகுண்டுகள் இருந்தன என்கிறது அதே நிறுவனத்தின் கணக்கு.

குழந்தைகளே, அடுத்த முறை பட்ஜெட் செய்தி வரும்போது நாளிதழைப் புரட்டுங்கள். பள்ளிக்கு எவ்வளவு, மருத்துவமனைக்கு எவ்வளவு, ஆயுதத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆல்வாவின் கேள்வி உங்களுக்கும் புரியும்.