நாடி நின்றது, இதயம் நின்றதா? கிருஷ்ணமாச்சார்யாவும் பயோஃபீட்பேக்கின் முன்கதையும்

மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் நாடி இல்லை. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாலும் இதய ஒலி கேட்பதே கஷ்டம். ஆனால் எதிரே ஆள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மூச்சை விட்டுவிட்டு, எதுவுமே நடக்காதது போல பேச ஆரம்பித்துவிடுவார்.

1930-களில் மைசூரில் இப்படி நாடியை அடக்கிக் காட்டியவர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. இன்று உலகம் முழுக்க யோகா ஸ்டூடியோக்களில் நடக்கும் பயிற்சிகளில் பெரும்பகுதி ஏதோ ஒரு வழியில் இவரிடம் போய்ச் சேரும். பி.கே.எஸ். ஐயங்கார் இவருடைய மைத்துனர், மாணவர். பட்டாபி ஜோயிஸும் இந்திரா தேவியும் இவரிடம் கற்றவர்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனா, தீராத வலிக்கும் மன அழுத்தத்துக்கும் இன்று தரப்படும் பயோஃபீட்பேக் சிகிச்சையின் முன்கதையில் இவர் வருவது அவ்வளவாக வெளியே தெரியாது.

பயோஃபீட்பேக் என்றால் என்ன? உடம்பில் சென்சார் ஒட்டுவார்கள். தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, விரல் நுனி எவ்வளவு சூடாக இருக்கிறது, இதயமும் மூச்சும் எப்படி ஓடுகின்றன என்பதெல்லாம் எதிரே திரையில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நோயாளி தசையைத் தளர்த்திப் பழகுவார், மூச்சை மெதுவாக்கிப் பழகுவார். சரியாகச் செய்தால் கோடு இறங்கும், இல்லையென்றால் இறங்காது. நாளடைவில் மெஷின் இல்லாமலேயே செய்ய வந்துவிட வேண்டும், அதுதான் குறிக்கோள். ஒற்றைத் தலைவலி, டென்ஷன் தலைவலி, நாள்பட்ட முதுகுவலி, பதற்றம் ஆகியவற்றுக்கு மற்ற சிகிச்சைகளோடு சேர்த்து இதைத் தருகிறார்கள். நோயை வேரோடு பிடுங்கும் வைத்தியம் இல்லை. வலியோடு வாழ வேண்டியவர் கையில் ஒரு பிடி கொடுக்கும், அவ்வளவுதான்.

காபித் தோட்டத்திலிருந்து அரண்மனைக்கு

1888 நவம்பர் 18. இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் ஒரு வைணவக் குடும்பத்தில் கிருஷ்ணமாச்சார்யா பிறந்தார். நாதமுனிகள் வழி வந்த குடும்பம் என்பது அவர்கள் நம்பிக்கை. சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். பதினாறு வயதில் ஆழ்வார்திருநகரிக்குப் போனபோது நாதமுனிகளின் காட்சி கிடைத்தது, தொலைந்துபோன யோக நூல் ஒன்று அங்கே உபதேசமானது என்பது அவரே சொல்லிவந்த கதை. மானசரோவர் ஏரிப் பக்கம் ஒரு குருவிடம் ஏழரை ஆண்டு கற்றதாகச் சொன்னதும் அப்படித்தான். இதற்கெல்லாம் ஆவணம் தேடுபவர்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆவணத்துக்கு அருகில் வரும் கதை வேறு மாதிரி. சமஸ்கிருதமும் தரிசனங்களும் கற்றவர், 1925-ல் கல்யாணம் ஆன பிறகு, ஹாசன் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்குப் போனார். யோகா சொல்லிக்கொடுத்துக் குடும்பம் நடத்த முடியாத காலம் அது. பழனி மலையில் ஆடலூர், தாண்டிக்குடிப் பக்கம் எஸ்டேட்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியும். விடிந்தால் மலைச்சரிவில் ஆட்களோடு நிற்க வேண்டும், காலும் இடுப்பும் சும்மா விடாது.

நிலைமையை மாற்றியவர் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். உடல்நலம் சரியில்லாமல் இருந்த அவருக்கு இவருடைய பயிற்சி பிடித்துப்போனது. 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையிலேயே யோகசாலை திறக்கப்பட்டது. அதைப் பிரபலப்படுத்த ஊர் ஊராகப் போய் வித்தை காட்ட வேண்டியிருந்தது. ஓடும் காரை வெறுங்கையால் நிறுத்தினார், பல்லால் கனமான பொருள்களைத் தூக்கினார், நாடியை அடக்கினார்.

மெஷின் சொன்ன பதில்

1935-ல் தெரேஸ் பிராஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய ஈசிஜி கருவியுடன் இந்தியா வந்தார். அவர் சோதித்த யோகிகளில் கிருஷ்ணமாச்சார்யாவும் ஒருவர். பதிவில் இதயத்தின் அலை கிட்டத்தட்ட மறைந்துபோனது போல இருந்தது. யோகி நினைத்தால் இதயம் நிற்கும் என்ற பேச்சுக்கு அறிவியல் முத்திரை விழுந்துவிட்டது.

இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து, 1957-ல், அமெரிக்காவிலிருந்து இருவர் இதைச் சரிபார்க்க வந்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேரியன் வெங்கர், மிச்சிகனின் பாசு குமார் பாக்சி. (பாக்சி ஒரு காலத்தில் பரமஹம்ச யோகானந்தருடன் துறவியாக இருந்தவர். இந்த ஆராய்ச்சிக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.) டெல்லி எய்ம்ஸ் உடலியல் நிபுணர் பி.கே. ஆனந்தும் சேர்ந்துகொண்டார். கிருஷ்ணமாச்சார்யா அதற்குள் சென்னைவாசி. அரண்மனை ஆதரவு போய், 1950-ல் யோகசாலை மூடப்பட்ட பிறகு, பக்கவாதம் வந்த ஒரு பிரபல வழக்கறிஞருக்குப் பயிற்சி தர வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். எழுபதை நெருங்கிய வயதில் மறுபடியும் அவர் உடம்பில் மின்கம்பிகள் ஒட்டப்பட்டன.

முடிவு 1961-ல் ‘சர்குலேஷன்’ மருத்துவ இதழில் வந்தது. இதயம் நிற்கவில்லை. மூச்சை அடக்கி, தொண்டையை மூடி, நெஞ்சையும் வயிற்றையும் பலமாக இறுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. அதனால் வெளியே தள்ளப்படும் ரத்தமும் குறைந்து, மணிக்கட்டில் நாடி மறைகிறது. தசை இறுகும் சத்தத்தில் இதய ஒலியும் மூழ்கிவிடுகிறது. ஈசிஜியில் மட்டும் துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. (இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை வீட்டில் முயன்று பார்க்கவே கூடாது.)

சரி, அப்போ எல்லாம் ஏமாற்று வேலையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நாடி மறைந்தது நிஜம், அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் தப்பு. இதயத்துக்கு நேரடியாக உத்தரவு போடும் பொத்தான் நம்மிடம் கிடையாது. ஆனால் மூச்சும் தசையும் நம் கையில் இருக்கின்றன, அவை வழியாக இதயம் வரை போக முடியும். பயோஃபீட்பேக் நிற்பதே இந்த அஸ்திவாரத்தில்தான். 1969-ல் அமெரிக்காவில் அந்தப் பெயரிலேயே ஆய்வுச் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கன்சாஸில் எல்மர் கிரீன் ஆய்வகத்தில், சுவாமி ராமா ஒரே உள்ளங்கையின் இரண்டு இடங்களுக்கு இடையே சுமார் 10 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்ப வித்தியாசம் உண்டாக்கிக் காட்டினார். அதே ஆய்வகம்தான் கைகளைச் சூடாக்கிப் பழகுவதை ஒற்றைத் தலைவலி நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. இன்றைய பயோஃபீட்பேக் கிளினிக்கில் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தைப் பழக்கும்போது நோயாளியை நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவாக்கச் சொல்கிறார்கள்.

சென்னையில் அவர் செய்த வேலை

சென்னைக் காலத்தில் கிருஷ்ணமாச்சார்யாவிடம் வித்தை காட்டும் வேகம் இல்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து நாடி பிடிப்பார். அதைப் பார்த்து ஆசனத்தையும் மூச்சின் நீளத்தையும் கூட்டுவார், குறைப்பார். ஒருவருக்குக் கொடுத்த பயிற்சியை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார். சென்சார் செய்யும் வேலையை இங்கே விரல்கள் செய்தன என்று சொல்லலாம். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிளினிக்கில் திரையைப் பார்ப்பவர் நோயாளி. இங்கே தகவல் முதலில் போனது ஆசானுக்கு.

1960-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு பெண் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, அந்த ஆசாரமான வைணவப் பெரியவரைக் கட்டிப்பிடித்துவிட்டார். பல ஆண்டு தூக்கமின்மைக்குப் பிறகு முந்தைய இரவுதான் மாத்திரை இல்லாமல் தூங்கியிருந்தார். வாசலில் நின்று அதிர்ச்சியோடு பார்த்த மகன் தேசிகாச்சார் அப்போதுதான் இன்ஜினீயரிங் முடித்திருந்தார். வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் மாணவராகச் சேர்ந்தார். 1976-ல் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

96 வயதில் கீழே விழுந்து அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எந்த மருத்துவரும் பரிந்துரைக்காத முடிவு. படுத்த படுக்கையில் செய்யக்கூடிய பயிற்சிகளைத் தனக்குத் தானே அமைத்துக்கொண்டார். அதன் பிறகும் மாணவர்கள் வந்தார்கள், பாடம் நடந்தது. 1989 பிப்ரவரி 28-ல் சென்னையில் அவர் காலமானபோது வயது 100.