தமியான் அடிகள்

பசிபிக் பெருங்கடலின் நடுவண் உள்ள ஹவாய்த் தீவுகளுள் மொலோக்காய் என்பது ஒன்று. அதன் வடகரையில் கலாவுபாபா என்னும் நிலப்பகுதி கடலுள் நீண்டு கிடக்கின்றது. மூன்று புறமும் அலைகடல். நான்காம் புறம் ஏறற்கரிய செங்குத்து மலை. இயற்கையே கட்டிய சிறை எனலாம். தொழுநோய் பரவுதல் கண்டு அஞ்சிய ஹவாய் அரசு 1865-இல் சட்டம் ஒன்று இயற்றி, மறு ஆண்டு முதல் அந்நோயினரைப் பிரித்துக் கொணர்ந்து அங்கே விட்டது. கணவரைப் பிரிந்த மனைவியரும், பெற்றோரைப் பிரிந்த சிறுவரும் அங்கு வந்து சேர்ந்தனர்.

அந்நிலத்தில் 1873-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், முப்பத்து மூன்று வயதுடைய துறவி ஒருவர் வந்து இறங்கினார். அவரே தமியான் அடிகள். பெல்ஜியம் நாட்டுத் திரெமெலோ என்னும் சிற்றூரில், உழவர் குடியில், 1840-இல் பிறந்தவர். யோசேப்பு என்பது பெற்றோர் இட்ட பெயர். ஹவாய்க்குச் செல்லவிருந்தவர் இவருடைய தமையனார். அவர் நோயுற்றமையால், அவருக்கு ஈடாக இவர் கப்பலேறி 1864-இல் ஹொனலூலு நகரை அடைந்து, அவ்வாண்டிலேயே குருப்பட்டம் பெற்றார்.

மொலோக்காயில் தங்குதற்கு வீடு இன்மையால், முதற்சில இரவுகளைத் தாழை மரம் ஒன்றன் அடியில் கழித்தார். நோயாளரைத் தொடலாகாது என்று மேலோர் அறிவுறுத்தியிருந்தனர். புண்களின் நாற்றம் பொறாது, அடிகளும் தொடக்கத்தில் குடிசையை விட்டு வெளியே ஓடிவந்து மூச்சு வாங்கியதுண்டு. நாற்றத்தை மறைக்கவே புகைக்குழல் பிடிக்கப் பழகினார். ஆயினும், தாம் வழிபட்ட இயேசு பெருமான், தீண்டினால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தொழுநோயாளி ஒருவனைக் கைநீட்டித் தொட்டே நலம் செய்தார் என்பதை அவர் அறிவார். தொலைவில் நின்று ஓதும் மறையுரை அம்மக்கள் நெஞ்சிற் சென்று சேராது என்பதும் அவருக்கு விளங்கிற்று.

ஆகவே அவர் தொட்டார். புண்களைக் கழுவிக் கட்டினார். இறப்போரின் கைகால்களில் திருஎண்ணெய் பூசினார். நோயாளரோடு ஒரே கலத்தில் கைவைத்து உண்டார். தம் புகைக்குழலையும் பகிர்ந்துகொண்டார். அக்கைகளே வீடு கட்டின; நன்னீர் கொணரக் குழாய் பதித்தன; சவப்பெட்டி செய்து குழியும் தோண்டின. அடிகள் முன்கோபம் உடையவர், பிடிவாதமும் மிக்கவர். மேலோர்க்கு அவர் பல முறை தலைவலியாக இருந்தார் என்பதையும் மறைத்தற்கில்லை. நோயாளரோ அச்சினத்தைப் பொருட்படுத்தவில்லை. வாழ்வில் பற்றற்றுக் கிடந்தவர்கள் நிலத்தைத் திருத்திப் பயிரிட்டார்கள். கோயிலில் கூடிப் பாடினார்கள். இறந்தோரை முறையோடு அடக்கம் செய்தார்கள்.

நோய் தீர்ந்ததோ எனின், இல்லை. அதற்கு மருந்து அக்காலத்தில் இல்லை. அடிகள் மொலோக்காய் சென்ற அதே 1873-இல்தான் நார்வே நாட்டு ஹான்சன் என்பார் அந்நோய்க்குரிய நுண்ணுயிரைக் கண்டறிந்தார். பயன் தரும் மருந்து 1940-க்குப் பின்னரே வந்தது. அடிகளின் கை ஆற்றியது வேறொரு புண்ணை. தாம் மனிதரே அல்லர் என்று அம்மக்கள் உள்ளத்தில் ஏற்பட்டிருந்த புண் அது.

அதற்கு அவர் தந்த விலை பெரிது. 1884-இல் ஒரு நாள், கொதிக்கும் நீரில் கால் வைத்தும் அவருக்குச் சுடவில்லை. கால் கொப்புளித்தது; வலி மட்டும் இல்லை. மறு ஆண்டு தொழுநோய் என்பது உறுதியாயிற்று. பெரும்பாலோர் உடல் அந்நோயை இயல்பாகவே தடுத்துவிடும் என்பதும், வெறுமனே தொடுவதால் அது எளிதில் தொற்றாது என்பதும் இன்று தெரிந்தவை. அடிகளுக்கு இவை தெரியா. தொட்டால் தொற்றும் என்று உலகம் நம்பிய நாளிலேதான் அவர் தொட்டார். நோய் முற்றிய பின்னும் பணியைக் குறைக்கவில்லை. 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், தம் நாற்பத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார். முன்னர்த் தாம் உறங்கிய தாழை மரத்தின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

1936-இல் அவர் உடலின் எச்சம் பெல்ஜியத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2009-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. அதற்கு முன்பே, 1995-இல், அவருடைய வலக்கையின் எச்சம் மட்டும் மொலோக்காய்க்குத் திரும்பி வந்தது. அம்மக்கள் அதனைப் பழைய கல்லறையிலேயே மீண்டும் அடக்கம் செய்தார்கள்.