ஆகஸ்ட் மாதத்தின் சொந்தக்காரர்!

குட்டீஸ்... திண்டுக்கல்லில் இருந்து பழனி வழியாக உடுமலைப்பேட்டைக்கு பஸ்சில் போயிருக்கிறீர்களா? அந்தப் பக்கத்து மண்ணுக்குள் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ரோமானியக் காசுகள் புதைந்து கிடந்தன!

பழனி அருகே உள்ள கலையம்புத்தூரில், 1856ல் பொற்காசுகள் கிடைத்தன. உடுமலை வட்டாரத்தில் உள்ள பூதிநத்தத்தில், 1891ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அந்த வெள்ளிக் காசுகளில் பலவற்றை வெளியிட்டவர், ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ். அவர் கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.

கி.மு., 63ல் ரோம் நகரில் பிறந்தவர் அவர். இயற்பெயர் ஆக்டேவியஸ். நான்கு வயதில் தந்தையை இழந்தார். அடிக்கடி நோயில் படுக்கும் மெலிந்த உடம்பு. இவர் பெரிய வீரராக வருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

இவருடைய பாட்டியின் சகோதரர்தான் புகழ்பெற்ற ஜூலியஸ் சீசர். கி.மு., 44ல் சீசரை எதிரிகள் குத்திக் கொன்றனர். அவரது உயிலைப் பிரித்துப் பார்த்தால், ஆக்டேவியசைத் தன் மகனாகத் தத்தெடுப்பதாக எழுதியிருந்தார்! அப்போது இவருக்கு வயது 18. ஆபத்து வேண்டாம் என்று வீட்டார் தடுத்தும், துணிந்து ரோமுக்குப் போனார்.

சீசரின் தளபதி ஆன்டனியுடன் கூட்டுச் சேர்ந்தார். எதிரிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டு இருவரும் கொல்லச் செய்தனர். சிறந்த பேச்சாளர் சிசரோவும் அதில் பலியானார். இது அகஸ்டஸ் வாழ்வில் அழியாத கறை.

பிறகு நண்பர்களே பகைவர்களாயினர். கி.மு., 31ல் ஆக்டியம் கடற்போரில் ஆன்டனியும், எகிப்து ராணி கிளியோபாட்ராவும் தோற்றனர். மறு ஆண்டே எகிப்து ரோமின் கைக்கு வந்தது.

இதனால் நமக்கு என்ன என்கிறீர்களா? எகிப்தின் செங்கடல் துறைமுகம் ஒன்றில் இருந்து, 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாக ஸ்ட்ராபோ என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். பருவக்காற்றைப் பிடித்து வந்த கப்பல்கள், மிளகு, முத்து, மெல்லிய துணி, கொங்கு நாட்டு பெரில் கற்கள் ஆகியவற்றை ஏற்றிச் சென்றன. அதற்கு விலையாக வந்தவைதான் பொன்னும் வெள்ளியும்!

கி.மு., 27ல் இவருக்கு அகஸ்டஸ் என்ற பட்டம் கிடைத்தது. போற்றத்தக்கவர் என்று பொருள். உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்தன. சாலைகள் போட்டார். தீயணைப்புப் படை அமைத்தார்.

ஆனால், வீட்டில் சோகம். பேரன்கள் கேயஸ், லூசியஸ் இருவரையும் தத்தெடுத்து, அடுத்த வாரிசுகளாக வளர்த்தார். அவர்கள் கேடயத்துடன் நிற்கும் படத்தைக் காசிலும் பொறித்தார். கி.பி., 2ல் லூசியஸ் இறந்தார், கி.பி., 4ல் கேயசும் இறந்தார். உலகையே ஆண்டவரால் பேரன்களைக் காப்பாற்ற முடியவில்லை.

கி.பி., 14ல், 75 வயதில் அகஸ்டஸ் மறைந்தார். அது அவர் பெயரையே தாங்கிய ஆகஸ்ட் மாதம்!

தமிழகத்தில் அதிகம் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில், அந்தப் பேரன்கள் காசும் ஒன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால், ரோமானியக் காசுகள் இருக்கும் இடத்தில் நின்று, இரண்டு சிறுவர்கள் தெரிகிறார்களா என்று தேடிப் பாருங்கள்!