மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரும் ஆங்கிலத்தின் சிறு சொற்களும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆங்கில வழக்கைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ எனச் சிலர் வினவக்கூடும். உண்டு என்பதே நம் விடை. தமிழ்வழியில் பயின்ற நம் மாணவர்கள் கிண்டித் தொழிற்பேட்டையிலும் ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகங்களிலும் நேர்முகத் தேர்வுக்குச் சென்று திரும்பும்போது கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே. பெரிய ஆங்கிலச் சொற்களை அவர்கள் மனப்பாடம் செய்து சென்றிருப்பார்கள். காலை வாரிவிடுபவை 'அட்', 'ஆன்', 'டு', 'வித்' என்னும் சிறு சொற்கள். இச்சிறு சொற்களை ஆங்கிலேயரும் வியக்குமாறு ஆண்ட தமிழர் ஒருவர், ஈக்காட்டுத்தாங்கலுக்கு அடுத்து அடையாற்றின் அக்கரையில் உள்ள சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். அவரே மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

சாஸ்திரியார் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்தார். தந்தையார் புரோகிதத் தொழில் செய்த ஏழை. கும்பகோணத்தில் பள்ளிப்படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் முடித்து, மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்து, பின்னர்ச் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியரானார். 1919இல் அவர் இங்கிலாந்து சென்றபோது வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. ஆகவே, பிற்காலத்தில் இலண்டன் மாநகரம் செவிசாய்த்துக் கேட்ட அந்த ஆங்கிலம் காவிரிக்கரையில் கற்று, தஞ்சை, சேலம், சென்னை வகுப்பறைகளில் கற்பித்துக் கற்பித்து மெருகேறிய ஆங்கிலமாகும். இச்செய்தியை நம் மாணவர்கள் மனங்கொள்ள வேண்டுகிறோம்.

அவருடைய திறமை எத்தகையது என்பதை உணர, ஆங்கில வினைச்சொல்லின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். தமிழில் வினையானது பெயரின் பின்னொட்டாகிய வேற்றுமை உருபை அவாவி நிற்கும். 'அடைந்தான்' என்றால் 'ஊரை' என இரண்டாம் வேற்றுமை வரும். 'போனான்' என்றால் 'ஊருக்கு' என நான்காவது வரும். ஆங்கிலத்தில் இவ்வேலையின் பெரும்பகுதியைப் பெயருக்கு முன் நிற்கும் இடைச்சொல் செய்கின்றது. எந்த வினைக்கு எந்த இடைச்சொல் என்பதை விதி கொண்டு முற்றிலும் அறிதல் இயலாது. வழக்கினாலேயே அறிதல் வேண்டும். நாமோ தமிழ் உருபை அப்படியே பெயர்த்து வைக்கின்றோம். ஒன்றைப் பற்றி விவாதித்தோம் என்னும் நினைப்பில் 'டிஸ்கஸ் அபௌட்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' என்பதற்கு இடைச்சொல்லே வேண்டா. ஊருக்கு வந்து சேர்ந்தோம் என்பதனால் 'ரீச் டு' என்கிறோம். 'ரீச்' தனித்தே நிற்கும். அறைக்குள் நுழைபவன் 'என்டர்' செய்கிறான்; ஒப்பந்தத்திற்குள் புகுபவனே 'என்டர் இன்டு' செய்கிறான்.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. 'லுக்' என்பது பார்த்தல். 'லுக் அட்' நோக்குதல், 'லுக் ஃபார்' தேடுதல், 'லுக் ஆஃப்டர்' பேணுதல், 'லுக் இன்டு' ஆராய்தல். வினை ஒன்றே, சார்ந்து வரும் சொல்லால் பொருள் வெவ்வேறாயிற்று. 'கிவ் அப்' என்பதில் கொடுத்தலும் இல்லை, மேலே என்னும் பொருளும் இல்லை. இரண்டும் கூடிக் கைவிடுதல் என்னும் புதுப்பொருள் பிறந்தது. இத்தகைய கூட்டுக்கு ஆங்கிலேயர் இட்ட 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயரே 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியாகத்தான் பரவியது. நம்மவர் அதற்கு நெடுங்காலம் முன்பே அதனோடு மல்லாடிக்கொண்டிருந்தனர். இடைச்சொல் தனித்து இயங்காது, பெயரையும் வினையையும் சார்ந்தே நடக்கும் என்று தொல்காப்பியர் கண்டதை அறிந்த தமிழ் மாணவனுக்கு இந்நுட்பம் பிறரினும் எளிதில் விளங்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

சாஸ்திரியார் 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். 1919இல் ரௌலட் மசோதாவை எதிர்த்துப் பேரரசின் சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. 1921இல் இலண்டனில் பேரரசு மாநாடு, ஜினீவாவில் சர்வதேச சங்கம், பின் வாஷிங்டன் கடற்படை மாநாடு என அடுத்தடுத்துச் சென்றார். அவ்வாண்டே பிரிவி கவுன்சில் உறுப்பினராகி 'மகாகனம்' என்னும் பட்டம் எய்தினார். வெள்ளி நா படைத்தவர் என்று உலகம் அவரைப் போற்றியது.

நம் சமுதாயத்தார் சிறப்பாக நினைவுகூரத்தக்க பகுதி இதன்பின் வருகிறது. தியாகராய நகரில் ஹபிபுல்லா சாலை வழியே நாள்தோறும் செல்வோருள் அப்பெயருக்குரியவர் யார் என அறிந்தவர் சிலரே. வேலூர் நகரசபைத் தலைவராக இருந்து, வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினராக உயர்ந்த சர் முகம்மது ஹபிபுல்லா அவர்களே அவர். தென்னாப்பிரிக்க இந்தியரை ஒதுக்கி வைக்கும் மசோதா அச்சுறுத்திய வேளையில், 1926ஆம் ஆண்டின் இறுதியில் கேப் டவுன் சென்ற இந்தியத் தூதுக்குழுவுக்கு ஹபிபுல்லா தலைவர், சாஸ்திரியார் உறுப்பினர். இருவரும் தமிழகத்தார்.

இத்தகைய பேச்சுவார்த்தையில் இடைச்சொல் இலக்கண நூலோடு நின்றுவிடுவதில்லை. 'அக்ரீ டு' என்றால் ஒரு கோரிக்கைக்கு இசைதல். 'அக்ரீ வித்' என்றால் ஒருவர் கருத்தோடு உடன்படுதல். 'அக்ரீ ஆன்' என்றால் இரு தரப்பும் ஒரு முடிவில் ஒன்றுகூடுதல். இந்தியரின் தொகையைக் குறைக்க வேண்டும் என்பது அந்நாட்டு வெள்ளையர் அரசின் கருத்து. அக்கருத்தோடு நம் குழுவினர் உடன்படவில்லை. விரும்பித் தாயகம் திரும்புவோர்க்கு உதவித்தொகை வழங்கும் ஏற்பாட்டிற்கு இசைந்தனர். அதற்கு ஈடாக, அங்கேயே தங்குவோரின் கல்வியையும் வாழ்வையும் உயர்த்தும் பொறுப்பு ஏற்கப்பட்டது, மசோதாவும் கைவிடப்பட்டது. 1927இல் ஏற்பட்ட இந்தக் கேப் டவுன் உடன்படிக்கை போதாது என்று குறைகூறியவர் உண்டு. பின்னாளில் அந்நாட்டில் நிகழ்ந்தவற்றை நோக்கினால் அக்குறையில் உண்மையும் உண்டு.

காந்தியடிகளின் வற்புறுத்தலால் சாஸ்திரியார் அந்நாட்டில் இந்திய அரசின் முதல் முகவராகப் பணியேற்று, 1929ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அங்கிருந்தார். 1928இல் கிளார்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிய கூட்டத்தை வெள்ளையர் சிலர் கலவரம் செய்து குலைத்தனர். அவர் மனந்தளரவில்லை. கரும்புத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரின் மக்களும், குசராத்திலிருந்து குடியேறிய முஸ்லிம் வணிகரின் மக்களும் உயர்நிலைக் கல்வி பெற, இந்தியரிடமே நன்கொடை திரட்டி டர்பனில் ஒரு நிறுவனம் காணச் செய்தார். 1929இல் திறக்கப்பெற்ற அந்தச் சாஸ்திரி கல்லூரி அவருடைய உரைகள் அனைத்தினும் நீடித்த பயன் தந்தது என்பது நம் கருத்து.

காந்தியடிகளுக்கும் அவருக்கும் இருந்த உறவு தனித்தன்மை உடையது. அடிகள் பிறந்தது அதே 1869, அக்டோபர் 2ஆம் நாள். பத்து நாள் மூத்தவர் சாஸ்திரியார். அடிகள் அவரைத் தமையனாகவே மதித்தார். எனினும் ஒத்துழையாமையையும் சட்டமறுப்பையும் சாஸ்திரியார் ஏற்றாரல்லர், வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். அதனால் மிதவாதி என்றும் அரசுக்கு இணங்கியவர் என்றும் ஏச்சுக்கு ஆளானார். இத்தகையவரிடம்தான், மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்த அடிகளின் தன்வரலாறு திருத்தத்திற்கு வந்து சேர்ந்தது. தாம் உடன்படாத அரசியலைக் கூறும் நூலைச் சொல் சொல்லாக, இடைச்சொல் இடைச்சொல்லாகச் செப்பஞ்செய்ய அவர் இசைந்தார். ஒரே நிபந்தனை விதித்தார்: தம் பெயர் வெளியாகக்கூடாது. 1940இல் வெளிவந்த திருத்தப் பதிப்பின் முன்னுரை, ஆங்கிலப் புலமைமிக்க பெருமதிப்பிற்குரிய நண்பர் என்ற அளவிலேயே அவரைக் குறித்து நின்றுவிட்டது.

தமிழ்த்துறையினராகிய நாம் மறைக்க இயலாத ஒன்றும் உண்டு. 1940இல் கலைச்சொல்லாக்கத்திற்குச் சென்னை அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானபோது, அக்குழு வடசொற்பக்கம் சாய்ந்தது எனத் தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். பின்னரே தமிழறிஞர் பலர் குழுவில் சேர்க்கப்பெற்றனர். ஆங்கிலத்தின் ஒரு சிறு சொல்லுக்குக் காட்டிய மதிப்பை, தன் வேரிலிருந்தே சொல் ஈனவல்ல தாய்மொழிக்கு அவர் காட்டாது போனது வியப்பும் வருத்தமும் தருவதாகும். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகத் தமிழ்ப்புலவர் நடுவே இருந்தவர் அவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இறுதிக்காலத்தில் மயிலாப்பூரில் வாழ்ந்தார். 1944இல் வான்மீகி இராமாயணம் குறித்து அங்கே அவர் நிகழ்த்திய ஆங்கிலத் தொடர்சொற்பொழிவுகள் பின்னர் நூலாயின. 1946 சனவரியில் சென்னைக்கு வந்திருந்த காந்தியடிகள், மருத்துவமனையில் நலிவுற்றுக் கிடந்த சாஸ்திரியாரைச் சென்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் காலமானார். மயிலாப்பூர் லஸ் பகுதியில் ரானடே நூலகத்தை ஒட்டிய கூடம் அவர் பெயரால் வழங்குகின்றது. அடிகளின் தன்வரலாறு அவர் திருத்திய ஆங்கிலத்திலேயே உலகெங்கும் படிக்கப்படுகின்றது. அதன் முகப்பில் அவர் பெயர் இல்லை.