இறப்பரைப் பண்படுத்திய கடனாளி

ஜெபல் அலித் துறைமுகத்திலே மாரிகாலத்தில் எப்போதாவது ஒருநாள் மழை பெய்யும். மாதக்கணக்காகத் தார்வீதியிற் படிந்த புழுதியும் எண்ணெயும் அந்நீரிற் குழைந்து வழுக்கத் தொடங்கும். கொள்கலன் லொறி ஓட்டும் நம்மவர் அன்று வேகத்தைக் குறைத்தே செல்வர். உலர்ந்த வீதியில் இறப்பர் தரையோடு நெருங்கி ஒட்டிக்கொள்கின்றது. நனைந்தால் நீர்ப்படலம் அதனைத் தடுத்துவிடுகின்றது. அப்போது எஞ்சுவது, வீதியில் துருத்தி நிற்கும் கற்களின்மேல் இறப்பர் அமுங்கி மீளும்போது சக்தியை இழப்பதால் உண்டாகும் பிடிப்பே. ரயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றினாற்றான் அதுவும் கிட்டும். வெயிலிலும் குளிரிலும் அமுங்கி மீளும் இத்தன்மையை இறப்பருக்கு அளித்தவர் சார்ள்ஸ் குட்இயர்.

1800 டிசெம்பர் 29 இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிற் பிறந்தார். இரும்புச்சாமான் வணிகம் நொடித்ததால் கடன்சிறையைப் பலமுறை கண்டார். அக்காலத்து இறப்பர் கோடையில் இளகிப் பசையாகும். குளிரில் விறைத்து வெடிக்கும். இரசாயனம் முறையாகக் கல்லாத இவர் அதனைத் திருத்த முனைந்தார். அரசாங்கத்துக்கென அவர் செய்த 150 தபாற்பைகள் வெப்பத்தில் இளகித் தொங்கின. வீட்டுச் சாமான்கள் அடகுக்குப் போயின. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களும் விற்கப்பட்டன. அவரது விடாமுயற்சியைப் போற்றுவோர் மனைவி கிளாரிசா பட்ட பாட்டை ஏனோ அதிகம் எழுதுவதில்லை.

1839 இல் கந்தகம் கலந்த இறப்பர்த் துண்டொன்று சூடான அடுப்பிற் பட்டது. அது உருகவில்லை, தோலைப்போற் கருகியது. இரவுக் குளிரில் வெளியே ஆணியடித்து வைத்தார். மறுநாட் காலையிலும் அது விறைக்காமல் வளைந்தது. இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளிடையே கந்தகம் பாலமிடுகின்றது என்பது பிற்காலத்தார் அறிந்தது.

1844 இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். ஆனால் இங்கிலாந்திலோ, அவருடைய மாதிரித் துண்டுகளைப் பார்த்திருந்த தோமஸ் ஹன்கொக் முந்திக்கொண்டார். 1855 இல் பாரிஸ் கண்காட்சியில் இறப்பர்ப் பொருள்களைப் பெருஞ்செலவிற் காட்சிக்கு வைத்தார். அவ்வாண்டின் முடிவிலேயே அந்நகரின் கிளிஷி கடன்சிறையில் அடைக்கப்பட்டார். பிரெஞ்சுப் பேரரசர் வழங்கிய உயர்விருது அவரைச் சிறைக்குள்ளே வந்தடைந்தது.

1860 இல் சாகக்கிடந்த மகளைக் காணப் புறப்பட்டவர், நியூயோர்க்கை அடைந்தபோது அவளது மரணச்செய்தியைக் கேட்டார். அங்கேயே நோயுற்று யூலை 1 இல் இறந்தார். விட்டுச்சென்ற கடன் ஏறத்தாழ 200,000 டொலர். அதன்பின் 16 ஆண்டுகள் கழித்தே இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்தன. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களிற் பால்வெட்டியோரில் தமிழர் பல்லாயிரவர். 1898 இல் அக்ரன் நகரில் ரயர்க் கம்பனியொன்று அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அதற்கும் அவர் குடும்பத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.